டி-பெல்ட் விளக்கு எரிகிறது, நானே மாற்றிக்கொள்ளலாமா?

போன மாதம் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது போகிற போக்கில் "டைமிங் பெல்ட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. இந்த மாதம் முழுக்க டைமிங் பெல்ட்தான், அதாவது எஞ்சினுக்குள் பிஸ்டனும் வால்வும் ஒன்றுக்கொன்று நேரம் தப்பாமல் அசைய வைக்கும் பல் வைத்த ரப்பர் பெல்ட். பிரேக், ஏசி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: 2010 மாடல் இன்னோவா, 2.5 டீசல். மூன்று லட்சம் கி.மீ. தொட்டதும் மீட்டரில் டி-பெல்ட் (டைமிங் பெல்ட்) என்று ஒரு விளக்கு எரிய ஆரம்பித்தது. ஆயில், ஃபில்டர், பிரேக் பேட் எல்லாம் பத்து வருடமாக நானே வீட்டில் மாற்றுகிறேன். பெல்ட்டையும் நானே மாற்றலாம் என்றால் தெரிந்த மெக்கானிக் சிரிக்கிறார். முடியுமா, முடியாதா? — பொள்ளாச்சி வாசகர்

முடியும். ஆனால் உங்கள் கைத்திறனை நம்பி அப்படிச் சொல்லவில்லை, அந்த எஞ்சினின் அமைப்பை நம்பிச் சொல்கிறேன். இதே கேள்வியை ஒரு டஸ்டர்காரர் கேட்டிருந்தால் (கேட்டும் இருக்கிறார், கீழே பாருங்கள்) வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

பெரும்பாலான கார்களில் பெல்ட், பிஸ்டன்கள் சுற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்ட்டிலிருந்து நேராகக் கிளம்பும், அதனால் கீழே இருக்கும் கிராங்க் புல்லியைக் கழற்றாமல் பெல்ட்டை உருவ முடியாது. அந்தப் புல்லி போல்ட் இருக்கிறதே, அதைக் கழற்றுவதற்குள் தாவு தீர்ந்துவிடும். உங்கள் இன்னோவாவில் இருக்கும் 2கேடி எஞ்சினில் அந்தத் தொல்லை இல்லை. கிராங்க்கிலிருந்து பல்சக்கரங்கள் வழியாக மேலே ஒரு புல்லி சுழல்கிறது, அந்தப் புல்லிக்கும் அதற்கு மேலே இருக்கும் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) புல்லிக்கும் நடுவில் ஒரு குட்டை பெல்ட், அவ்வளவுதான். பக்கத்தில் பெல்ட்டுக்கு வழிகாட்டும் சக்கரமான ஒரு ஐட்லர், பெல்ட்டை இறுக்கமாக வைத்திருக்கும் ஒரு ஹைட்ராலிக் டென்ஷனர். டீசல் பம்பைப் பல்சக்கரமே சுற்றுவதால் பம்ப் டைமிங் வைக்கும் வேலையும் கிடையாது. எஞ்சின் நீளவாக்கில் உட்கார்ந்திருப்பதால், பானெட்டைத் திறந்து முன்னால் நின்றால் பெல்ட் மூடி உங்கள் நெஞ்சுக்கு நேராக இருக்கும்.

அந்த விளக்கைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அது பெல்ட்டைப் பார்த்து எரிவதில்லை. பெல்ட்டில் சென்சார் எதுவும் கிடையாது. இத்தனை கி.மீ. ஓடியாயிற்று என்று மீட்டர் எண்ணிக்கொண்டே வந்து, கணக்கு முடிந்ததும் எரிகிறது. எஞ்சினிலிருந்து ஆயில் கசிந்து பெல்ட் ஊறிப்போய் நாளைக்கே அறுந்துவிடும் நிலையில் இருந்தாலும் கணக்கு முடியாதவரை அது எரியாது.

சாமானில் ஆரம்பிப்போம். பெல்ட் மட்டும் வாங்காதீர்கள். ஐட்லரும் டென்ஷனரும் சேர்த்து வாங்குங்கள். மூன்று லட்சம் ஓடிய வண்டியில் புது பெல்ட்டைப் போட்டுப் பழைய பேரிங்கை விட்டால், அந்த பேரிங் இறுகி நிற்கிற அன்றைக்குப் புது பெல்ட்டும் சேர்ந்து போகும். கம்பெனிக் கடையிலோ, பில் கொடுக்கிற கடையிலோ வாங்குங்கள். இந்தச் சாமானில் போலி நிறைய. பெல்ட்டை வீட்டுக்குக் கொண்டுவரும்போது மடிக்காதீர்கள், உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பிப் பார்க்காதீர்கள். ரப்பருக்குள்ளே கண்ணாடி இழைக் கயிறு ஓடுகிறது. இழுத்தால் தாங்கும், ஒடித்து மடக்கினால் உள்ளேயே முறியும். வெளியே ஒன்றும் தெரியாது.

கருவி என்று பார்த்தால் ராட்செட் செட், கிராங்க் போல்ட்டுக்குப் பொருந்தும் சாக்கெட், நீளமான பார், டார்க் ரென்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பானர்), பெஞ்ச் வைஸ், ஒரு வெள்ளை பெயின்ட் பேனா. டார்க் ரென்ச் இல்லையென்றால் வாடகைக்காவது எடுங்கள். டென்ஷனர் போல்ட்கள் அலுமினியத்தில் போய் இறங்குகின்றன, "இன்னும் கொஞ்சம்" என்று ஒரு அழுத்து அழுத்தினால் மரை வழுக்கிவிடும். எந்தப் போல்ட்டுக்கு எவ்வளவு என்பது சர்வீஸ் மேனுவலில் இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொள்ளாமல் ஆரம்பிக்க வேண்டாம், நான் எழுதியதை மட்டும் நம்பியும் ஆரம்பிக்க வேண்டாம்.

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். முந்தின நாள் ராத்திரியே நிறுத்திவிட்டுக் காலையில் கைவையுங்கள். ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கல், கியர் நியூட்ரல், பேட்டரி நெகட்டிவ் கழற்றியாயிற்று, சாவி உங்கள் பாக்கெட்டில். சாவி விஷயத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள், வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இன்னும். வழியில் நிற்கும் குழாய்களை ஓரம் கட்டுங்கள், விசிறிக் கூடு இடிக்கிறது என்றால் அதையும் எடுத்துவிடுங்கள். பிறகு மூடியின் போல்ட்களைக் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே ஒரு அட்டையில் குத்தி வையுங்கள். மூடியைச் சுற்றி ஒரு ரப்பர் கேஸ்கெட் ஓடும், அதைக் கிழிக்காமல் எடுங்கள். கிழிந்தால் புழுதியும் தண்ணீரும் நேராகப் பெல்ட்டில்தான் போய் விழும்.

மூடியைத் திறந்ததும் பெல்ட்டைத் தொடாதீர்கள். முதலில் கிராங்க்கைச் சுற்றி அடையாளங்களை நேராகக் கொண்டுவர வேண்டும். வண்டிக்கு முன்னால் நின்று பார்த்தால் கடிகார முள் போகும் பக்கம், அந்த ஒரே பக்கம்தான். தாண்டிவிட்டோமே என்று பின்னால் சுற்றாதீர்கள், இன்னும் ஒரு முழுச் சுற்று போய் வாருங்கள். கேம் புல்லியில் ஒரு குறி, அதற்கு நேராகப் பின்னால் ஒரு குறி, கீழ்ப் புல்லிக்கும் அதே மாதிரி. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று. அதனால் கிராங்க் சரியாக வந்த மாதிரி தெரிந்தும் மேலே குறி தலைகீழாக நின்றால் பயப்பட வேண்டாம், இன்னொரு சுற்று.

குறிகள் நேரானதும் உங்கள் பெயின்ட் பேனாவால் இரண்டு புல்லியிலும், அவற்றுக்கு நேராகப் பின்னால் அசையாத பாகத்திலும் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கம்பெனிக் குறி இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பீர்கள். குனிந்து பார்க்கும் கோணத்தில் ஒரு பல் தள்ளித் தெரிவது சகஜம், அப்போது நாமே போட்ட கோடுதான் கைகொடுக்கும். போனில் நாலு படமும் எடுத்துவையுங்கள்.

அடுத்தது டென்ஷனர். இரண்டு போல்ட்தான், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். அது வெளியே வந்ததும் பெல்ட் தொளதொளவென்று ஆகும், கையாலேயே உருவிவிடலாம். இங்கேதான் ஒரு எச்சரிக்கை. கேம்ஷாஃப்ட்டை வால்வு ஸ்பிரிங்குகள் எப்போதும் தள்ளிக்கொண்டே இருக்கின்றன, பெல்ட் பிடி விட்டதும் மேல் புல்லி படக்கென்று சில பல் தள்ளிப்போய் நிற்கலாம். போனால் பதறாதீர்கள். ஸ்பானர் வைத்து மெதுவாக உங்கள் கோட்டுக்குக் கொண்டுவந்தால் போதும். பெல்ட் இல்லாத நேரத்தில் கிராங்க்கை மட்டும் தொடவே கூடாது.

புது டென்ஷனர் பின் குத்திய நிலையில் வரும். பழையதையே போடுவதாக இருந்தால் அதன் தண்டை வைஸில் வைத்து அழுத்தி, துளைகள் நேரானதும் மெல்லிய ஆலன் கீ ஒன்றைக் குத்த வேண்டும். மெதுவாக என்றால் நிஜமாகவே மெதுவாக. கால் சுற்று, கொஞ்சம் பொறுங்கள், இன்னொரு கால் சுற்று. உள்ளே ஆயில் இருக்கிறது, அவசரப்பட்டால் சீல் போய்விடும். தண்டைச் சுற்றி ஆயில் ஈரம் தெரிந்தால் அந்த டென்ஷனரை மறந்துவிடுங்கள்.

புது ஐட்லர், புது பெல்ட், அப்புறம் டென்ஷனர், போல்ட்களை டார்க் ரென்ச்சில் இறுக்கி முடித்த பிறகு பின்னை இழுங்கள். 'டக்' என்று தண்டு வந்து பெல்ட்டைப் பிடிக்கும்.

பாதிப் பேர் இங்கேயே மூடியை மாட்டிவிடுவார்கள். செய்யாதீர்கள். கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள், இந்த வேலையில் நான் ஒரு காரியத்தைத்தான் கட்டாயம் என்று சொல்வேன் என்றால் அது இதுதான். சுற்றும்போது இரண்டு விதமான எதிர்ப்பு வரும். ஒன்று கம்ப்ரஷன். ஸ்பஞ்சை அழுத்துவது போல மெத்தென்று எதிர்க்கும், பாரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றால் 'உஸ்ஸ்' என்று காற்று கசிந்து தானாக வழிவிடும். இன்னொன்று இரும்பில் இரும்பு முட்டுவது, சுவரில் இடித்த மாதிரி சட்டென்று நிற்கும், பொறுத்தாலும் வழிவிடாது. இரண்டாவது வந்தால் பாரை அங்கேயே விட்டுவிடுங்கள், பெல்ட் பல் தப்பியிருக்கிறது, கழற்றி மறுபடியும் முதலிலிருந்து. கையால் சுற்றும்போது முட்டினால் ஒன்றும் ஆகாது. அதையே ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றியிருந்தால் வால்வு வளைந்து, எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டையே இறக்க வேண்டியிருக்கும்.

இரண்டு சுற்று முடிந்து எல்லாக் குறியும் திரும்ப நேராக நிற்கிறதா, சரி, இன்னும் இரண்டு சுற்று சுற்றி இன்னொரு தடவை பாருங்கள். பிறகு மூடி.

விளக்கை அணைக்க ஓடோமீட்டர் பட்டனே போதும். மீட்டரில் டிரிப் இல்லாமல் ஓடோ தெரியும்போது சாவியை அணைத்து, பட்டனை அழுத்திப் பிடித்தபடி சாவியை ஆன் செய்து சில நொடி பொறுத்தால் ஓர் எண் வரும். அது பத்தாயிரக் கணக்கில் இருக்கும், 15 என்றால் 1,50,000 கி.மீ., 10 என்றால் ஒரு லட்சம். படிப்படியான முறை உங்கள் வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு இன்னோவாவுக்கு அவர்கள் போர்ட்டிகோவில் வைத்து மாற்றிக்கொடுத்தேன். பெல்ட் வேலை இரண்டரை மணி நேரம். மூடியின் கடைசிப் போல்ட் கை தவறி விழுந்து, அதைத் தேடியது ஒன்றரை மணி நேரம். காந்தக் கம்பி விட்டுப் பார்த்தேன், வண்டியைக் குலுக்கினோம், கடைசியில் அடித்தகட்டின் மடிப்பில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அது பெல்ட் பக்கம் விழவில்லை என்று கண்ணால் பார்க்காமல் ஸ்டார்ட் செய்ய முடியாதே. அன்றிலிருந்து கீழே ஒரு பழைய வேட்டியை விரித்துவிட்டுத்தான் கைவைக்கிறேன்.

கேள்வி: என்னுடையது டஸ்டர் 1.5 டீசல். இதையும் வீட்டில் செய்யலாமா? — ஓசூர் வாசகர்

வேண்டாம். எஞ்சின் குறுக்கே உட்கார்ந்திருக்கிறது, பெல்ட் பக்கம் போகவே எஞ்சினுக்குக் கீழே முட்டுக் கொடுத்து வலது மவுன்ட்டைக் கழற்ற வேண்டும். கேம் புல்லியையும் கிராங்க்கையும் பூட்டி வைக்கத் தனித்தனிப் பின்கள் வேண்டும், பெயின்ட் கோட்டை நம்பிச் செய்கிற வேலை இல்லை அது. போதாக்குறைக்கு வாட்டர் பம்பையும் இதே பெல்ட்தான் சுற்றுகிறது, ஆகவே பம்பையும் சேர்த்து மாற்றியாக வேண்டும், கூலன்ட் இறக்க வேண்டும், காற்றுப் பிடிக்காமல் திரும்ப நிரப்ப வேண்டும். இந்த எஞ்சினை நிறைய பார்த்த ஆளிடம் கொடுங்கள். கொடுக்கும்போது "வாட்டர் பம்ப் எப்படி, மாற்றுகிறீர்களா?" என்று மட்டும் கேளுங்கள். "அது நல்லாத்தான் சார் இருக்கு" என்று பதில் வந்தால் வேறு ஒர்க்‌ஷாப் பாருங்கள். பம்ப் ஆறு மாதத்தில் கசிந்தால் திரும்பவும் இத்தனையையும் கழற்ற வேண்டும், கூலி உங்களுக்குத்தான்.

கேள்வி: ஸ்விஃப்ட் டீசல் 2014. டைமிங் பெல்ட் எப்போது மாற்ற வேண்டும் என்று மேனுவலில் எங்கும் காணோம். — காரைக்குடி வாசகர்

இருந்தால்தானே போடுவார்கள்! அது ஃபியட்டின் 1.3 எஞ்சின், உள்ளே செயின்தான் ஓடுகிறது. இன்னோவா கிரிஸ்டா டீசல், ஸ்கார்பியோவின் எம்ஹாக், வெர்னாவில் வந்த 1.6 டீசல் இவற்றிலும் செயின். பெல்ட் ஓடுவது போலோ, வென்டோ டீசல்களில், டஸ்டர், டெரானோவில், ஈகோஸ்போர்ட், ஃபிகோ 1.5 டீசல்களில், பழைய இண்டிகாவில்.

செயின் என்றால் கவலையில்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். செயினுக்கும் அதன் டென்ஷனருக்கும் ஆயில்தான் உயிர். ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டு ஓட்டினால் செயின் நீண்டு தளர்ந்துவிடும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று நொடி 'கடகட'வென்று சத்தம் வந்து பிறகு அடங்குகிறதா என்று கவனியுங்கள். வந்தால் காட்டிவிடுங்கள்.

கேள்வி: உளுந்தூர்பேட்டை தாண்டிப் போகும்போது வண்டி திடீரென்று ஆஃப் ஆகிவிட்டது. பழைய டீசல் கார், டாக்ஸியாக ஓடியது. செல்ஃப் அடித்தால் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. நாலு பேர் தள்ளியும் பார்த்தோம். பெல்ட் அறுந்துவிட்டது, ஹெட்டை இறக்க வேண்டும் என்கிறார்கள். ஒரு ரப்பர் பெல்ட்டுக்கு ஹெட் எதற்கு? ஏமாற்றுகிறார்களா? — விழுப்புரம் வாசகர்

ஏமாற்றவில்லை, வருத்தமாகத்தான் இருக்கிறது சொல்ல.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லை. காற்றை அழுத்தியே சூடாக்கி டீசலைப் பற்றவைக்க வேண்டும். அதற்காக உள்ளே வந்த காற்றைப் பதினாறு, பதினெட்டு, பழைய எஞ்சின்களில் இருபது மடங்குக்கு மேலும் சுருக்குகிறது. அவ்வளவு சுருக்க வேண்டுமானால் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது ஹெட்டுக்கும் அதற்கும் நடுவில் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர்தான் இடம் இருக்க முடியும். வால்வு திறந்தால் அதைவிடப் பல மடங்கு கீழே இறங்குகிறது. ஆக, பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு அங்கே இருக்கவே கூடாது. ஒருவர் வரும்போது இன்னொருவர் விலகுவது என்ற ஏற்பாட்டில்தான் இரண்டும் காலம் தள்ளுகின்றன, அந்த ஏற்பாட்டைக் காப்பாற்றுவதுதான் உங்கள் ரப்பர் பெல்ட்.

நீங்கள் நெடுஞ்சாலையில் போயிருப்பீர்கள். 2,000 ஆர்பிஎம் என்று வைத்துக்கொண்டாலும் கிராங்க் நொடிக்கு 33 தடவை சுற்றுகிறது. பெல்ட் அறுந்ததும் கேம் நின்றுவிடும், நின்ற இடத்தில் ஏதோ சில வால்வுகள் திறந்தபடி இருக்கும். கீழே பிஸ்டன்களோ, வண்டியே சக்கரம் வழியாகத் தள்ளிக்கொண்டிருப்பதால், நிற்காமல் வந்து மோதும். வால்வு வளையும், ராக்கர் உடையும், சில சமயம் பிஸ்டன் தலையிலேயே பள்ளம் விழும். எது எது போயிற்று என்று ஹெட்டை இறக்கிப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. புது பெல்ட்டை மட்டும் மாட்டிப் பார்ப்போம் என்று சொல்கிற ஆளிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

உங்களைக் கடிந்துகொள்வதற்காகச் சொல்லவில்லை, மற்றவர்கள் தெரிந்துகொள்ளட்டும். ஓடும் டீசல் வண்டி சட்டென்று அணைந்தால் ஒரே ஒரு தடவை, அதுவும் ஒரு நொடி, செல்ஃப் அடித்துக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். நல்ல எஞ்சின் 'உர்… உர்… உர்' என்று ஏறி இறங்கிச் சுற்றும், கம்ப்ரஷன் வந்து போவதால். பெல்ட் போன எஞ்சின் தையல் மெஷின் மாதிரி ஒரே சீராக 'விர்ர்ர்' என்று லேசாகச் சுற்றும். அந்த விர்ர் கேட்டால் அதோடு விட்டுவிட வேண்டும். அடுத்த தடவை செல்ஃப் அடிப்பதும், தள்ளி ஸ்டார்ட் பண்ணுவதும், வளையாமல் தப்பித்த மிச்ச வால்வையும் வளைக்கும் வேலை. டோ பண்ணினாலும் கியர் நியூட்ரலில் இருக்கட்டும்.

கேள்வி: 2012 மாடல் வென்டோ டீசல், செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஓடியது 92,000 என்று மீட்டர் சொல்கிறது. பெல்ட் மாற்றியாயிற்று என்று விற்றவர் வாயால் சொன்னார், பில் இல்லை. மெக்கானிக் மூடியைத் திறந்து பார்த்து நன்றாக இருக்கிறது என்கிறார். நம்பலாமா? — தஞ்சாவூர் வாசகர்

பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதில் விற்றவரின் நாணயத்தைச் சந்தேகிப்பதற்கு ஒன்றுமில்லை. அவரும் அவருக்கு விற்றவர் சொன்னதைச் சொல்லியிருக்கலாம், அல்லது ஆல்டர்னேட்டரைச் சுற்றும் வெளிப் பெல்ட்டை மாற்றியதைச் சொல்லியிருக்கலாம். இந்தக் குழப்பம் நிறைய நடக்கிறது. 'பெல்ட் மாத்தியாச்சு' என்றால் எந்த பெல்ட் என்று கேளுங்கள்.

கண்ணால் பார்ப்பது பற்றி: கெட்டுப்போன பெல்ட் கெட்டுப்போனதாகத் தெரியும். நல்லதாகத் தெரிகிற பெல்ட் நல்லது என்று அர்த்தமில்லை. பல்லின் அடியில் மயிரிழை விரிசல், ஓரம் நார் பிரிந்திருப்பது, ஆயில் ஈரம், ரப்பர் பளபளவென்று மெழுகு பூசியது போல ஆகியிருப்பது, இதில் ஒன்று இருந்தாலும் வண்டியை எடுக்காதீர்கள். எதுவும் இல்லாவிட்டால்? உள்ளே இருக்கும் கயிற்றை எந்த மெக்கானிக்கும் பார்க்க முடியாது. பெல்ட்டின் முதுகில் அச்சடித்த பெயரும் எண்ணும் படிக்க முடிகிற அளவில் இருந்தால், தயாரித்த காலம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். வண்டியின் வயதே பெல்ட்டுக்கும் என்றால் பதில் கிடைத்துவிட்டது.

இன்னோவா வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. டி-பெல்ட் விளக்கு எரியவில்லை என்பதை ஒரு ஆதாரமாகக் காட்டுவார்கள். மேலே சொன்ன பட்டன் வேலைக்கு அரை நிமிடம் போதும், பெல்ட்டைத் தொடாமலே அணைத்துவிடலாம்.

கேள்வி: ரிட்டயர் ஆனவன். பன்னிரண்டு வருடத்தில் என் டீசல் கார் ஓடியதே 38,000 கி.மீ. தான். ஒரு லட்சத்தில் மாற்றினால் போதும் என்று போட்டிருக்கிறதே. — கும்பகோணம் வாசகர்

ஐயா, அதே வரியை இன்னொரு தடவை படியுங்கள், கி.மீ.க்குப் பக்கத்தில் வருடமும் போட்டிருப்பார்கள், 'எது முதலில் வருகிறதோ' என்றும் இருக்கும். ரப்பருக்கு ஓடாமல் இருந்தாலும் வயது ஏறுகிறது. நம் ஊர் வெயிலில் பானெட்டுக்குள் வேகும் சூட்டைச் சேர்த்துக்கொண்டால் இன்னும் வேகமாக ஏறுகிறது. மாற்றிவிடுங்கள். அதுவரை திருப்பதி யாத்திரை எல்லாம் பஸ்ஸிலேயே போய் வாருங்கள்.

கேள்வி: பழைய பெல்ட்டை நீளவாக்கில் பாதியாக அறுத்து, பாதி புல்லியிலேயே இருக்கும்போதே புது பெல்ட்டைப் பாதி ஏற்றி, பிறகு மிச்சத்தை அறுத்து எடுத்தால் டைமிங் குறியே தேவையில்லை என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். இவ்வளவு சுலபமான வழி இருக்கும்போது ஏன் யாரும் சொல்வதில்லை? — அம்பத்தூர் வாசகர்

வழி தெரியும். கேம் நகராது என்பது வரையில் அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் நீங்கள் மாற்ற வேண்டியது பெல்ட் மட்டும் என்று நினைத்தால்தான் அது வேலைக்கு ஆகும். பெல்ட் சுற்றியிருக்கும்போது ஐட்லரை எப்படிக் கழற்றுவீர்கள்? வாட்டர் பம்பை? பிளேடு வழுக்கிப் புல்லியின் பல்லில் ஒரு கீறல் போட்டால் அது புது பெல்ட்டை ஒவ்வொரு சுற்றிலும் உரசிக்கொண்டே இருக்கும். அறுத்த ரப்பர்த் துகள் உள்ளே விழும், நார் சீலில் போய்ச் சிக்கும். இன்னொன்று, பழைய பெல்ட்டை ஏற்கெனவே யாரோ ஒரு பல் தப்பி மாட்டியிருந்தால், அந்தத் தப்பையும் பத்திரமாக அப்படியே புது பெல்ட்டுக்கு மாற்றிக்கொடுப்பீர்கள்.

ஒரு பல் தப்பினால் வண்டி ஓடவே ஓடாது என்றில்லை. நான் வேலை கற்றுக்கொண்ட நாளில், ரோட்டரி டீசல் பம்ப் வைத்த ஒரு பழைய டீசலில் பம்ப் புல்லியை ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டேன். ஸ்டார்ட் ஆனது, ஓடியது, நானும் கை கழுவிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் பட்டறை முழுக்க வெள்ளைப் புகை, முதலாளி ஒன்றும் பேசாமல் ஸ்பானரை எடுத்து என் கையில் கொடுத்தார். பம்ப் என்பதால் பிழைத்தேன், கேமாக இருந்து இன்னும் இரண்டு பல் போயிருந்தால் அந்த மாதச் சம்பளம் போயிருக்கும்.

கேள்வி: ஒர்க்‌ஷாப்பில் மாற்றிவிட்டுப் பழைய பெல்ட்டைக் கையில் கொடுத்தார்கள். பார்த்தால் புதுசு போலவே இருக்கிறது. தண்டச் செலவு செய்துவிட்டேனா? — சிவகாசி வாசகர்

இல்லை. சரியான நேரத்தில் மாற்றினால் கழற்றிய பெல்ட் அப்படித்தான் இருக்கும், மோசமாக இருந்தால்தான் நீங்கள் தாமதம். பழையதைக் கேட்காமலே கையில் கொடுத்த ஒர்க்‌ஷாப்பை விட்டுவிடாதீர்கள். அந்தப் பெல்ட்டை "அவசரத்துக்கு ஆகும்" என்று டிக்கியில் போட்டு வைக்க வேண்டாம், பழைய இரும்புக்காரரிடமும் முழுசாகப் போட வேண்டாம். கத்தரியால் இரண்டாக நறுக்கிவிட்டுப் போடுங்கள், துடைத்துப் பெட்டியில் போட்டு இன்னொருவருக்கு விற்க யாராலும் முடியாது.